நார்கோலெப்சி டிரையல்: உள்ளே போய் வந்தவள் சொல்கிறேன்

நார்கோலெப்சிக்கான புது மருந்தை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் டிரையலில் சேரலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது பக்க விளைவைப் பற்றித்தான். புது மருந்து, என்ன செய்யுமோ என்ற பயம் நியாயமானது, எனக்கும் இருந்தது. ஆனால் போய் வந்த பிறகு சொல்கிறேன், புது மருந்தைச் சாப்பிடுவதைவிடப் பழைய மருந்தை நிறுத்துவதுதான் இதில் கஷ்டமான பகுதி. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

எனக்கு இருப்பது நார்கோலெப்சி முதல் வகை. பகலில் அடக்கவே முடியாத தூக்கம், அதோடு கேட்டாப்ளெக்ஸி. நன்றாகச் சிரித்தால் முழங்கால் மடங்கும், தாடை தொங்கும், வார்த்தை குழறும். நினைவு தெளிவாக இருக்கும், உடம்பு மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. இரவில் அமுக்குவான் வேறு. சுமார் 2,000 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கும் என்கிறார்கள், ஆனால் பெயர் தெரிந்து சிகிச்சைக்கு வருவதற்குள் பலருக்கும் பல வருடங்கள் போய்விடுகின்றன. எனக்கும் சோம்பேறி, ராத்திரி முழுக்க போன் பார்க்கிறவள், ரத்தசோகைக்காரி, மன அழுத்தம் என்று எல்லாப் பட்டமும் கிடைத்த பிறகுதான் ஒரு தூக்க மருத்துவர் சரியான பெயரைச் சொன்னார்.

ஏன் டிரையலுக்குப் போனேன் என்றால், இந்த நோயின் காரணம் தெரியும், காரணத்தைத் தொடுகிற மருந்துதான் இத்தனை காலம் இல்லை. மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் ஓரெக்சின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. விழித்திருப்பதை நிலையாக வைத்திருப்பது அதன் வேலை. 1998-ல் இரண்டு குழுக்கள் இதைத் தனித்தனியாகக் கண்டுபிடித்தன, இன்னொரு குழு வைத்த பெயர் ஹைப்போகிரெட்டின். அடுத்த வருடமே நார்கோலெப்சி உள்ள நாய்களில் இதன் ஏற்பியில், அதாவது இந்தப் பொருளின் செய்தியை வாங்கிக்கொள்ளும் செல்லின் பகுதியில், பழுது இருப்பது தெரிந்தது, 2000-ல் முதல் வகை நோயாளிகளின் மூளையில் அந்தச் செல்களே பெரும்பாலும் இல்லாமல் போயிருப்பது தெரிந்தது. வழக்கமாகத் தரும் மருந்துகளான மொடாஃபினில், பிட்டோலிசன்ட், சோல்ரியாம்ஃபெட்டால், சோடியம் ஆக்சிபேட் எல்லாமே உதவுகின்றன, குறை சொல்லவில்லை, நானே அவற்றில் ஓடியவள்தான். ஆனால் அவை எதுவும் இல்லாமல் போன ஓரெக்சினின் இடத்தை நிரப்புவதில்லை. இப்போது சோதிக்கப்படும் புது வகை மருந்துகள் இரண்டாவது ஓரெக்சின் ஏற்பியை நேராகத் தூண்டுகின்றன. நான் சேர்ந்ததும் அப்படி ஒரு மருந்துக்கான சோதனையில்தான். எந்த மருந்து, யார் நடத்தினார்கள் என்று இங்கே சொல்லப்போவதில்லை.

சேருவதற்கு முன் நான் தேடிப் படித்தது டேக்-994 கதையை. இந்த வகையில் மாத்திரையாக வந்த முதல் மருந்துகளில் அது ஒன்று. விழிப்பும் கேட்டாப்ளெக்ஸியும் நன்றாகவே முன்னேறின, ஆனால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு தெரிந்ததால் 2021-ல் இரண்டாம் கட்ட சோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் அதே ஏற்பியைத் தூண்டும் ஒவெபொரெக்ஸ்டன் வந்தது, அதன் இரண்டாம் கட்ட முடிவுகள் 2025-ல் வெளியாயின, அந்தக் கல்லீரல் பிரச்சினை அதில் தெரியவில்லை. டேக்-994 கதையைக் கேட்டதும் வீட்டில் எல்லோரும் மிரண்டார்கள். எனக்கு அது வேறு மாதிரி பட்டது. மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்தும் ஆபத்து என்றதும் நிறுத்தினார்கள் இல்லையா, அந்தக் கண்காணிப்பு இருக்கிற இடத்துக்குத்தான் நான் போகிறேன் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு மாற்றி மாற்றி ரத்தம் எடுத்துக் கல்லீரலைப் பார்த்தபோதும் ஏன் இத்தனை தடவை என்று கேட்கவில்லை.

ஒப்புதல் படிவம் ஒரு சின்னப் புத்தகம் மாதிரி இருக்கும். நார்கோலெப்சிக்காரர்கள் அதை ஒரே மூச்சில் படித்து முடிப்பது நடக்காத காரியம், மூன்றாம் பக்கத்தில் தூங்கிவிடுவோம். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க உங்களுக்கு உரிமை உண்டு, அன்றைக்கே கையெழுத்துப் போடச் சொல்லி அவசரப்படுத்தினால் அந்த இடமே வேண்டாம். நான் என் தம்பியைப் படிக்கச் சொல்லிக் கேள்விகளை எழுதிவைத்தேன். பழைய மருந்தில்லாமல் மொத்தம் எத்தனை நாள் இருக்க வேண்டும்? பிளாசிபோ, அதாவது மருந்தே இல்லாத போலி மாத்திரை, கிடைக்க எவ்வளவு வாய்ப்பு? பிளாசிபோ காலம் முடிந்ததும் எல்லோருக்கும் உண்மையான மருந்து தரும் நீட்டிப்புக் கட்டம் உண்டா? ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது ஆனால் போன் எடுப்பது யார்? மருந்தால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது? எல்லாம் முடிந்த மறுநாள் எனக்கு என்ன மருந்து? இதில் கடைசிக் கேள்விக்குத்தான் டிரையலின் ஒருங்கிணைப்பாளர் கொஞ்சம் யோசித்துப் பதில் சொன்னார். அந்தக் கேள்வியை நீங்கள் கட்டாயம் கேளுங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலேகூட, விலகிக்கொள்ளலாம் என்பது படிவத்தில் இருக்கும். வெறும் சம்பிரதாய வரி என்று நினைக்காதீர்கள், அது உண்மையான உரிமை. ஆனால் மாத்திரையைத் திடீரென்று நீங்களாக நிறுத்திவிட்டு வீட்டில் இருந்துவிடாமல், சொல்லிவிட்டு, கடைசிப் பரிசோதனையையும் முடித்துவிட்டு விலகுவது உங்கள் உடம்புக்கு நல்லது.

தகுதிப் பரிசோதனைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரத்தம், சிறுநீர், ஈசிஜி, ரத்த அழுத்தம், மனநிலை பற்றிய கேள்விகள். கர்ப்பப் பரிசோதனை, கருத்தடை பற்றிய கேள்வி எல்லாம் கூச்சப்படாமல் கேட்பார்கள், நாமும் கூச்சப்படாமல் பதில் சொல்ல வேண்டும். மொடாஃபினில் சாப்பிடுகிறவர்களுக்குக் கருத்தடை மாத்திரையின் பலன் குறையும் என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது, இதை அந்த மருந்தை எழுதித் தந்தவர்கள் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் பழைய தூக்கப் பரிசோதனை அறிக்கைகளை முழுதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "நார்கோலெப்சி உறுதி" என்ற ஒற்றை வரி போதாது. பகல் தூக்கப் பரிசோதனையில் சராசரியாக எத்தனை நிமிடத்தில் தூங்கினீர்கள், எத்தனை தடவை நேராகக் கனவுத் தூக்கத்துக்குள் போனீர்கள் என்று கேட்பார்கள். சராசரி 8 நிமிடமோ அதற்குக் கீழோ, கனவுத் தூக்கம் குறைந்தது 2 தடவை, இதுதான் வழக்கமான அளவுகோல்.

சரி, பழைய மருந்தை நிறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். வாஷ் அவுட் என்பார்கள். உடம்பில் பழைய மருந்து மிச்சம் இருந்தால் புது மருந்தின் பலனைச் சரியாக அளக்க முடியாது என்பதால் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வார்கள். சொல்லும்போது எளிதாக இருக்கும். கேட்டாப்ளெக்ஸிக்காக வென்லாஃபாக்சின் மாதிரி மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதைச் சடாரென்று நிறுத்தவே கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், ஏனென்றால் அடங்கியிருந்த கேட்டாப்ளெக்ஸி முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும். படிப்படியாகக் குறைத்தும் எனக்கு வந்தது. முன்பு நல்ல ஜோக்குக்கு மட்டும் மடங்கிய கால், இப்போது சிரிக்கப்போகிறேன் என்று நினைத்தாலே மடங்கியது. தம்பி பாவம், வீட்டில் வாயைத் திறக்கவே பயந்தான். "அக்கா, நான் ஒண்ணும் சொல்லல, நீ முதல்ல உட்காரு" என்பான், அதுவே எனக்குச் சிரிப்பாக வரும்.

அந்த வாரங்களுக்கு வீட்டைத் தயார் செய்வதுதான் டிரையலுக்குத் தயாராவது என்று நான் நினைக்கிறேன். வண்டி ஓட்டுவது கூடவே கூடாது, இதில் பேச்சுக்கே இடமில்லை. அடுப்புப் பக்கம் தனியாகப் போகவில்லை. குளிக்கும்போது நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன், கதவைத் தாழிடவில்லை. மாடிப்படியில் கைப்பிடியை விடவில்லை. சூடான எதையும் கையில் வைத்துக்கொண்டு யாருடனும் பேசவில்லை. வேலை செய்யும் இடத்தில் டிரையல் என்று விளக்கிக்கொண்டிருக்காமல், மருத்துவக் காரணத்துக்காகச் சில வாரம் என் வேலைத்திறன் குறையும், இன்ன நாட்களில் வர முடியாது என்று எழுத்தில் கொடுத்தேன். முழு விவரம் சொல்வதா வேண்டாமா என்பது அவரவர் மேலாளரைப் பொறுத்தது. ஆனால் முக்கியமான பொறுப்பு எதையும் அந்த நேரத்தில் ஏற்றுக்கொள்ளாதீர்கள். தூங்கிக்கொண்டே வேலை செய்கிற கொடுமை இந்த நோயில் உண்டு, கை எழுதிக்கொண்டே இருக்கும், மனம் கனவில் இருக்கும், எழுந்து பார்த்தால் மின்னஞ்சலில் வாக்கியத்தின் பாதி வேறு உலகத்திலிருந்து வந்திருக்கும். மருந்தில்லாத நாட்களில் இது கூடுதலாக நடந்தது.

இதையெல்லாம் செய்து தர வீட்டில் யாரும் இல்லை, தனியாக இருக்கிறேன் என்றால்? வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் பழைய மருந்தை நிறுத்தச் சொல்லாத சோதனைகளும் உண்டு, சிலவற்றில் வழக்கமான மருந்தோடு சேர்த்தே புதியதைத் தருவார்கள். அப்படிப்பட்டது கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். சோதனைகளைப் பதிவு செய்யும் பொதுத் தளங்களில் நோயின் பெயரைப் போட்டுத் தேடினால் யாரைச் சேர்க்கிறார்கள், யாரைச் சேர்ப்பதில்லை, எதை அளக்கிறார்கள் என்று எல்லாம் இருக்கும். யாரைச் சேர்ப்பதில்லை என்ற பகுதியை முதலில் படித்தால் நேரம் மிச்சம்.

அடுத்து பரிசோதனை நாள். நோய் கண்டுபிடிக்கும்போது செய்கிற பகல் தூக்கப் பரிசோதனையில் "தூங்குங்கள்" என்பார்கள், நமக்கு அது கைவந்த கலை. டிரையலில் பெரும்பாலும் செய்வது அதற்கு நேர் எதிரானது, விழித்திருக்கும் பரிசோதனை. மங்கலான வெளிச்சம் உள்ள அறை, சாய்ந்து உட்கார வசதி, தலை முழுக்க ஒயர். 40 நிமிடம் நேராகப் பார்த்தபடி, அசையாமல், தூங்காமல் உட்கார வேண்டும். கன்னத்தில் அறைந்துகொள்ளக் கூடாது, பாடக் கூடாது, புத்தகம் கிடையாது, போன் கிடையாது. 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று நாளில் 4 தடவை. மருந்தில்லாத நிலையில் முதல் தடவை செய்தபோது, முடிந்தது என்று டெக்னீஷியன் உள்ளே வந்ததும், "பரவாயில்லையே, தாக்குப்பிடித்துவிட்டேன்" என்று சொன்னேன். அவர் தயங்கிவிட்டு, "இல்லை மேடம், நீங்கள் ஆரம்பத்திலேயே தூங்கிவிட்டீர்கள்" என்றார். நான் விழித்திருந்ததாகச் சத்தியமே செய்திருப்பேன். மூளை அலைகளை 30 விநாடித் துண்டுகளாகப் பிரித்துப் பார்ப்பார்கள், அதில் தூக்கம் தெரிந்துவிட்டால் நாம் என்ன சொன்னாலும் தூக்கம்தான். அன்றைக்கு ஒன்று புரிந்தது, இத்தனை வருடமாக "நான் தூங்கலை, கண்ணை மூடிட்டுதான் இருந்தேன்" என்று வீட்டில் போட்ட சண்டை எல்லாவற்றிலும் அவர்கள் சொன்னதுதான் சரி.

அந்த நாளுக்குச் சில சின்ன விஷயங்கள். காபி, டீ பற்றிய விதியை முன்கூட்டியே கேளுங்கள், பரிசோதனை நாளில் பெரும்பாலும் கிடையாது, திடீரென்று நிறுத்தினால் தலைவலி வரும். ஒயர் ஒட்டுகிற பசை வெறும் ஷாம்புவுக்குப் போகாது, முதலில் வெந்நீரில் ஊறவைத்துக் கண்டிஷனர் தடவி எடுக்க வேண்டும். நடுவில் உள்ள இடைவெளிகளில் தூங்கவிட மாட்டார்கள், அதனால் பேச்சுத்துணை வேண்டும். திரும்பி வர வண்டிக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். போக்குவரத்துச் செலவைத் தருவார்கள், நேரத்துக்கு ஈடாகச் சிறு தொகையும் சில இடங்களில் உண்டு, ஆனால் கைக்கு வரத் தாமதமாகும், ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

டைரியைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சோதனையின் முடிவே பாதி அதில்தான் இருக்கிறது. வாரத்துக்கு எத்தனை கேட்டாப்ளெக்ஸி வந்தது என்பதை நாம்தான் தினமும் எண்ணிப் பதிய வேண்டும். முழுதாக விழுவதை மட்டும் எண்ணுவதா, தாடை தளர்ந்ததையும் எண்ணுவதா? தலை ஒரு நொடி தொங்கியது கணக்கில் வருமா? அடுத்தடுத்து வந்தால் ஒன்றா, மூன்றா? ஆரம்பத்திலேயே கேட்டு, அவர்கள் சொன்னதை எழுதிவைத்து, கடைசிவரை அதே அளவுகோலில் எண்ணுங்கள். அன்றன்றே பதியுங்கள். வாரக் கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பினால் அது கற்பனைதான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நாம் எல்லோரும் வருடக்கணக்காகச் சிரிப்பைத் தவிர்க்கப் பழகியவர்கள். கூட்டம் என்றால் ஒதுங்குவோம், நகைச்சுவையாகப் பேசுகிற நண்பனைப் பார்த்தால் நாற்காலியைத் தேடுவோம். மருந்தில்லாத வாரங்களில் இன்னும் ஒடுங்கிப்போவோம். அப்படி ஒடுங்கினால் எண்ணிக்கை தானாகக் குறையும், மருந்து வந்து தைரியமாகி வெளியே கிளம்பினால் எண்ணிக்கை ஏறும், பார்க்கிறவர்களுக்கு மருந்து வேலை செய்யாத மாதிரி இருக்கும். இதை நான் ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னபோது, பாதுகாப்பான அளவுக்குள் வழக்கமான வாழ்க்கையை அப்படியே வாழுங்கள், எதையாவது தவிர்த்தால் அதையும் குறிப்பில் எழுதுங்கள் என்றார். பகல் தூக்கத்தை மதிப்பிடும் கேள்வித்தாளான எப்வொர்த் அளவுகோலிலும் இதே கதைதான். 8 சூழ்நிலைகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 24, 10-க்கு மேல் போனால் அதிகத் தூக்கம். டிவி பார்க்கும்போது தூங்குவீர்களா என்று கேட்டால் "நான் டிவியே பார்ப்பதில்லை" என்று 0 போடத் தோன்றும். பார்க்காததற்குக் காரணமே தூங்கிவிடுவதுதானே! பார்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துத்தான் போட வேண்டும். தகுதி கிடைக்க வேண்டும் என்று எண்ணிக்கையைக் கூட்டிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆரம்பக் கணக்கு பொய் என்றால் அதன்மேல் கட்டுகிற எல்லாமே பொய், அந்த மருந்து நாளைக்கு நமக்கே வர வேண்டியது.

மாத்திரை கைக்கு வந்தபின் தொடங்குகிறது ஊகம். மருந்தா பிளாசிபோவா என்று நமக்கும் தெரியாது, நம்மைப் பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. முதல் சில நாட்கள் நல்ல உற்சாகம், "இது மருந்துதான்" என்று தம்பியிடம் சொன்னேன். அப்புறம் பழையபடி மதியம் சாய்ந்தேன். சரி, பிளாசிபோ என்று முடிவு கட்டினேன், ஆனாலும் பழைய மருந்து கிடையாது, வெறும் உடம்போடு ஓட்ட வேண்டும். விலகிவிடலாமா என்று தோன்றிய காலம் அதுதான். பிளாசிபோ குழு இல்லாமல் ஒப்பீடு இல்லை, ஒப்பீடு இல்லாமல் மருந்துக்கு அனுமதி இல்லை என்று புத்திக்குத் தெரியும். ஆனால் சாயங்காலம் நாலு மணிக்குத் தட்டில் தலை சாயும்போது புத்தி பேசுவது காதில் விழாது.

இந்த நேரத்தில் செய்யக் கூடாத ஒன்று, அதே சோதனையில் இருக்கும் மற்றவர்களைத் தேடிப்பிடித்து "உங்களுக்கு என்ன விளைவு" என்று ஒப்பிட்டுப் பார்ப்பது. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் யார் எந்தக் குழு என்று ஊகம் பரவினால் டைரியும் மதிப்பெண்ணும் அந்த ஊகத்தைச் சுமக்க ஆரம்பித்துவிடும். வந்த விளைவைச் சொல்ல வேண்டிய இடம் ஆய்வுக் குழு. அங்கே எல்லாவற்றையும் சொல்லுங்கள், சம்பந்தமில்லாதது என்று தோன்றும் பல்வலியைக்கூட.

நீட்டிப்புக் கட்டத்தில் உண்மையான மருந்து என்று தெரிந்தே கொடுத்தார்கள். ஆரம்ப இரவுகளில் தூக்கமே வரவில்லை, எனக்கு! தூக்கமின்மை என்று நான் புகார் சொல்வேன் என்று வீட்டில் யாரும் நினைத்ததில்லை. சிறுநீர் அடிக்கடி வந்தது, அவசரமாகவும் வந்தது. இரண்டும் இந்த வகை மருந்துகளில் வழக்கமாகச் சொல்லப்படுபவைதான், தூக்கமின்மை தானாகக் குறைந்தது, மற்றது முழுதாகப் போகவில்லை. பகல்? சாப்பிட்ட பிறகு ஒரு முழுப் படத்தை உட்கார்ந்து பார்த்தேன், கதை புரிந்தது. ஒரு உறவினர் வீட்டு விசேஷத்தில் நின்றுகொண்டே சிரித்தேன், கால் மடங்கவில்லை. எல்லோருக்கும் இப்படி இருக்கும் என்று சொல்லவில்லை, எனக்கு இருந்ததைச் சொல்கிறேன்.

அதனால்தான் முடிவு கடினமாக இருந்தது. டிரையல் முடிந்தால் மருந்தும் முடிந்தது, அனுமதி கிடைத்துச் சந்தைக்கு வரும்வரை கடையில் வாங்க முடியாது. நிறுத்திய சில நாட்களிலேயே பழைய தூக்கம் வந்துவிட்டது. ஓரெக்சின் செல்கள் திரும்ப முளைப்பதில்லையே, மருந்து இருக்கும்வரைதான் விழிப்பு. நோயே பரவாயில்லை, நன்றாக இருப்பது எப்படி என்று தெரிந்துகொண்டு திரும்பி வருவதுதான் தாங்கவில்லை, சில வாரம் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. மறுநாள் என்ன மருந்து என்ற கேள்வியைக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். என் வழக்கமான மருத்துவரோடு முன்பே பேசி, கடைசி மாத்திரைக்குப் பிறகு எந்த நாளில் பழைய மருந்தை எந்த அளவில் தொடங்குவது என்று எழுதி வாங்கியிருந்தேன். அது இல்லாமல் போயிருந்தால் இன்னொரு வாஷ் அவுட் மாதிரி ஆகியிருக்கும்.

மறுபடி சேருவாயா என்று கேட்கிறார்கள். சேருவேன், ஆனால் வேலையில் பாரம் குறைந்த காலமாகப் பார்த்து, நீட்டிப்புக் கட்டம் உள்ள சோதனையாகப் பார்த்து. கிளம்பும்போது அவர்களிடம் இரண்டு விஷயம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சோதனையின் பதிவு எண்ணும் நீங்கள் மருந்து எடுத்த தேதிகளும் கொண்ட ஒரு கடிதம், அப்புறம் நீங்கள் எந்தக் குழுவில் இருந்தீர்கள் என்பதை எப்போது, எப்படித் தெரிவிப்பார்கள் என்பது. அதன்பிறகு எந்த மருத்துவரிடம் போனாலும், எந்த அறுவை சிகிச்சைக்கு முன்னாலும், "சமீபத்தில் வேறு என்ன மருந்து எடுத்தீர்கள்" என்று கேட்பார்கள், அந்தக் கடிதத்தை நீட்டினால் போதும்.